குச்சியில் 25, நோட்டில் 35

கேள்வி: திருவண்ணாமலை மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். தலைமையாசிரியரும் நானும் மட்டும்தான். மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புகள் என் பொறுப்பு. மொத்தம் 23 பிள்ளைகள், ஒரே அறை. குச்சிக் கட்டு, புளியங்கொட்டை, மணி எல்லாம் வைத்துத்தான் கணக்கு நடத்துகிறேன். பிள்ளைகளும் ஆசையாகச் செய்கிறார்கள். ஆனால் குச்சியை வைத்து 52-லிருந்து 27-ஐ எடுத்து 25 என்று சரியாகச் சொல்லும் மூன்றாம் வகுப்புப் பையன், அரை மணி நேரம் கழித்து அதே கணக்கை நோட்டில் போட்டால் 35 என்று எழுதுகிறான். பாதிப் பேர் அப்படித்தான். சத்தம் அதிகம் என்கிறார் தலைமையாசிரியர். ‘நோட்டுல ஒண்ணுமே இல்லையே, விளையாடிட்டே இருக்காங்களா டீச்சர்?’ என்று பெற்றோர் கேட்கிறார்கள். செயல்பாடுகளை விட்டுவிட்டு வாய்ப்பாடு, பயிற்சிக் கணக்கு என்று போய்விடலாமா? மற்றப் பாடங்களுக்கும் யோசனை சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: அன்புள்ள டீச்சர், விட்டுவிடாதீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த 35. அவன் எழுதியது 35 என்று நீங்கள் கவனித்து எழுதியிருக்கிறீர்கள். ‘தப்பாகப் போடுகிறான்’ என்று மட்டும் எழுதியிருந்தால் என்னால் ஒன்றும் சொல்லியிருக்க முடியாது.

35 எப்படி வந்தது என்று பாருங்கள். 5-லிருந்து 2 போனால் 3. பக்கத்தில் 2, 7. பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்க வேண்டும் என்று இரண்டாம் வகுப்பிலேயே நாம் சொல்லிக் கொடுத்துவிட்டோம். எனவே 7-லிருந்து 2 போனால் 5. அவன் கவனக்குறைவாக இல்லை, நாம் சொன்னதைச் சரியாகக் கடைப்பிடிக்கிறான். அவன் கண்ணுக்கு 52 என்பது ஐம்பத்திரண்டாகத் தெரியவில்லை. பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இரண்டு தனி எண்களாகத் தெரிகிறது.

நான் தொடக்கப் பள்ளியில் 30 ஆண்டு இருந்தேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதே தவற்றை நோட்டு நோட்டாகத் திருத்தி, சிவப்பு மையில் 25 என்று எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் ஒரு பெண் குழந்தையைக் கூப்பிட்டு, ‘காலையில் குச்சியில் 25 வந்ததே, இப்போது ஏன் 35?’ என்று கேட்டேன். அவள் யோசிக்கவே இல்லை. ‘அது குச்சிக் கணக்கு டீச்சர், இது நோட்டுக் கணக்கு’ என்றாள். இரண்டும் வேறு வேறு கணக்கு, வேறு வேறு விடை வரும் என்று அவள் உண்மையாகவே நம்பிக்கொண்டிருந்தாள். இரண்டும் ஒன்றுதான் என்று நான் ஒருநாளும் அவளுக்குக் காட்டியதே இல்லை. காலையில் குச்சி, அதை மூட்டைகட்டி வைத்துவிட்டுப் பிறகு நோட்டு என்றுதான் நடத்தினேன். உங்கள் கடிதத்தில் இருக்கும் அந்த ‘அரை மணி நேரம் கழித்து’ என்ற சொற்களில்தான் பிரச்சினை இருக்கிறது. அந்த அரை மணி இடைவெளியை எடுத்துவிடுங்கள். குச்சியும் நோட்டும் ஒரே நேரத்தில், ஒரே பாயில் இருக்க வேண்டும்.

எப்படிச் செய்வது என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பிள்ளைகளை இரண்டிரண்டு பேராக உட்கார வையுங்கள். ஒருவர் கையில் குச்சி, ஒருவர் கையில் பென்சில். விதி ஒன்றே ஒன்று: குச்சியில் என்ன நடக்கிறதோ அது உடனே நோட்டில் ஏற வேண்டும். குச்சியில் நடக்காத எதையும் நோட்டில் எழுதக் கூடாது. கட்டுக்குப் பத்துக் குச்சி. முதலில் ஐந்து கட்டும் இரண்டு உதிரியும் வைக்கச் சொல்லுங்கள். 27 எடுக்க வேண்டும். கவனித்துப் பாருங்கள், பெரும்பாலான பிள்ளைகள் முதலில் இரண்டு கட்டைத்தான் எடுப்பார்கள். கையில் பெரியதாக இருப்பதை முதலில் எடுப்பதுதான் இயல்பு. தடுக்க வேண்டாம். நோட்டுக்காரப் பிள்ளை பத்தின் இடத்தில் 3 என்று எழுதும். அப்புறம் ஏழு உதிரி வேண்டும், இரண்டுதான் இருக்கிறது. ஒரு கட்டைப் பிரித்தாக வேண்டும். பிரித்ததும் மூன்று கட்டு இரண்டாகிவிடும். இப்போது நோட்டில் எழுதிய 3 பொய்யாகிவிட்டது, அழித்து 2 என்று எழுத வேண்டும். நாலு கணக்கில் நாலு முறை அழித்த பிறகு, ‘டீச்சர், முதல்லயே கட்டைப் பிரிச்சுட்டா அழிக்க வேணாமே’ என்று யாராவது ஒரு பிள்ளை சொல்லும். ஒன்றின் இடத்திலிருந்து ஏன் தொடங்குகிறோம் என்பதற்கு இதைவிட நல்ல காரணத்தை நாம் சொல்லிவிட முடியாது. குச்சியில் இடமிருந்து வலம், நோட்டில் வலமிருந்து இடம் என்று எதிரெதிராகப் போவதால்தான் இவ்வளவு நாளும் பிள்ளைகளுக்கு இரண்டும் வேறு வேறாகத் தெரிந்தது.

அதன் பிறகு கட்டைப் பிரிக்கும் அதே கணத்தில் நோட்டில் 5-ஐ அடித்து 4 எழுதட்டும். உதிரி பன்னிரண்டு ஆனதும் 2-க்கு மேல் 12 எழுதட்டும். சில நாள் கழித்துக் குச்சி வேண்டாம். கட்டுக்கு ஒரு நெடுங்கோடு, உதிரிக்கு ஒரு புள்ளி என்று படம் போட்டுக் கழிக்கட்டும். அப்புறம் குச்சியை ஒரு துண்டால் மூடிவிட்டு, ‘உள்ளே இப்போது எத்தனை கட்டு?’ என்று கேளுங்கள். சொல்லிவிட்டுத் துண்டை எடுத்துச் சரிபார்க்கட்டும். கடைசியில்தான் வெறும் எண். கையால் செய்வது, படமாகப் பார்ப்பது, குறியீடாக எழுதுவது என்ற இந்த மூன்று படிகளையும் அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் புரூனர் 1960-களில் விளக்கிச் சொன்னார். நடுப்படியான படத்தைத்தான் நம் வகுப்புகளில் பெரும்பாலும் தாண்டிக் குதித்துவிடுகிறோம். இது முழுக்க இரண்டு வாரம் எடுக்கும். எடுக்கட்டும்.

இன்னொன்று. ‘கடன் வாங்கிக் கழித்தல்’ என்று சொல்வதை நிறுத்திப் பாருங்கள். கடன் வாங்கினால் திருப்பித் தர வேண்டும் என்று கிராமத்துப் பிள்ளைக்கு நன்றாகத் தெரியும். இங்கே யாரும் எதையும் திருப்பித் தருவதில்லை. ‘கட்டைப் பிரித்தல்’ என்றே சொல்லுங்கள். கூட்டலில் ‘கட்டுப் போடுதல்’. விடையைச் சரிபார்க்க 25-ஐயும் 27-ஐயும் சேர்த்து, பத்து உதிரியைக் கட்டுப் போட்டு, மறுபடி 52 வருகிறதா என்று பார்க்கட்டும்.

கட்டுகளை நீங்கள் போட்டு வைக்க வேண்டாம். தென்னை ஈர்க்கை விரல் நீளத்துக்கு ஒடித்து, பிள்ளைகளே பத்துப் பத்தாக எண்ணி ரப்பர் பேண்டு போடட்டும். பத்துக் கட்டைச் சேர்த்து ஒரு பெரிய கட்டு போட்டால் நூறு. அந்த நூறைக் கையில் பிடித்துப் பார்க்கும் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். மணி விஷயத்தில் மட்டும் ஓர் எச்சரிக்கை. ‘சிவப்பு மணி ஒன்று என்றால் பத்து’ என்று வைத்துக்கொண்டு கழித்தல் நடத்துகிறீர்கள் என்றால், இப்போதைக்கு அதை எடுத்து வையுங்கள். குச்சிக் கட்டுக்குள் உண்மையிலேயே பத்து இருக்கிறது, பிரித்து எண்ணலாம். சிவப்பு மணிக்குள் பத்து இல்லை; நாம் சொல்வதால் மட்டும் அது பத்து. ரூபாயும் அப்படித்தான், பத்து ரூபாய் நாணயத்தை உடைத்தால் உள்ளே பத்து ஒரு ரூபாய் இருக்காது. ஆகவே முதலில் குச்சி, அது மனதில் பதிந்த பிறகு மணியும் காசும். இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரியின் தங்க நிற மணிகள் இப்படி எண்ணிப் பார்க்கக்கூடியவைதான்: தனி மணி ஒன்று, கம்பியில் கோத்த பத்து, பத்துக் கம்பி சேர்ந்த சதுரம் நூறு, பத்துச் சதுரம் அடுக்கிய கன சதுரம் ஆயிரம். அவர் 1939-இல் சென்னை அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அந்த மணிகள் விலை அதிகம். ஈர்க்குச்சி அதே வேலையைச் செய்யும்.

எண் பெயர்களையும் ஒருமுறை சோதித்துப் பாருங்கள். தமிழில் எண் பெயர்கள் பெரும்பாலும் ஒழுங்கானவை. இருபது, முப்பது, நாற்பது என்று பத்து உள்ளேயே ஒலிக்கிறது. ஆனால் ஒன்பது வரும் இடமெல்லாம் அடுத்த படியின் பெயரை எடுத்துக்கொள்கிறது. எண்பதுக்கு அடுத்தது தொண்ணூறு, அதில் ‘நூறு’ ஒலிக்கிறது. எண்ணூறுக்கு அடுத்தது தொள்ளாயிரம், அதில் ‘ஆயிரம்’ ஒலிக்கிறது. தொண்ணூற்று ஐந்து எழுதச் சொன்னால் 905 என்று எழுதும் பிள்ளை நம் மொழியைக் காது கொடுத்துக் கேட்டு எழுதுகிறது. நூற்று ஐந்தை 1005 என்று எழுதுவதும் இதே வகைதான், நூறை எழுதி ஐந்தை எழுதிவிடுகிறது. பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை வெட்டி, நீள அட்டையில் 100, அதைவிடக் குட்டையில் 90, குட்டியில் 5 என்று எழுதிக்கொள்ளுங்கள். வலது ஓரம் சேரும்படி ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தால் பூச்சியங்கள் மறைந்து 195 தெரியும். தூக்கிப் பார்த்தால் உள்ளே 100-உம் 90-உம் ஒளிந்திருக்கும். ஐந்து நிமிட விளையாட்டு இது. தினம் செய்யுங்கள்.

வாய்ப்பாட்டுக்குப் போய்விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாய்ப்பாடு வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். மனப்பாடமாக இருப்பது பிள்ளைக்குப் பெரிய பலம். ஆனால் அது எதன் பாட்டு என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும். புளியங்கொட்டையை வரிசைக்கு நாலாக ஆறு வரிசை வைத்துவிட்டு, பிள்ளையை எழுந்து பக்கவாட்டில் போய் நின்று பார்க்கச் சொல்லுங்கள். அங்கிருந்து வரிசைக்கு ஆறாக நாலு வரிசை. ஒரு கொட்டையும் நகரவில்லை. 6 × 4-உம் 4 × 6-உம் ஒன்று என்று தெரிந்துவிட்டால், பத்தாம் வாய்ப்பாடு வரை உள்ள 100 பெருக்கல்கள் 55 ஆகக் குறையும். அதில் 1, 2, 5, 10 வாய்ப்பாடுகள் எப்படியும் தெரியும். மிஞ்சுவது 21 மட்டுமே. ‘இன்னும் 21 தான் பாக்கி’ என்று கரும்பலகை ஓரத்தில் எழுதி, தெரிந்ததை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே வாருங்கள். 7 × 8 மறந்துபோனால் எட்டு எட்டாக ஏழு வரிசை வைத்து, ஐந்தாம் வரிசைக்குக் கீழே ஒரு குச்சியைக் குறுக்கே போடச் சொல்லுங்கள். மேலே ஐயெட்டு நாற்பது, கீழே ஈரெட்டுப் பதினாறு, ஆக 56. மறந்ததை மீட்டெடுக்க ஒரு வழி கையில் இருக்கும் பிள்ளை பயப்படுவதில்லை.

நாலாம் வகுப்புக்கு வகுத்தல் நடத்தும்போது பல்லாங்குழியை எடுங்கள். ஒரு பக்கத்து ஏழு குழி போதும். 45 கொட்டையைக் குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போனால் குழிக்கு ஆறு, கையில் மூன்று. 46, 47, 48 என்று கூட்டிக்கொண்டே போய், மீதியை மட்டும் பட்டியலாக எழுதட்டும். மீதி ஏன் ஏழைத் தொடுவதே இல்லை என்று நீங்கள் சொல்லாதீர்கள். அவர்களாகச் சொல்லும் வரை காத்திருங்கள்.

ஐந்தாம் வகுப்புப் பின்னத்துக்கு ஒரு நீளக் காகிதப் பட்டை போதும். ஒரு மடிப்பு அரை, இரண்டாம் மடிப்பு கால், மூன்றாம் மடிப்பு எட்டில் ஒன்று. 8 பெரிய எண், அதனால் எட்டில் ஒன்று காலைவிடப் பெரியது என்று வாதாடும் பிள்ளை, பட்டையைக் கையில் பிடித்ததும் அமைதியாகிவிடும். அந்த எட்டில் ஒன்றுக்கு நம் பழைய பெயர் அரைக்கால், அதாவது காலில் அரை. ½ × ¼ என்ற பெருக்கலே அந்தப் பெயருக்குள் இருக்கிறது! நாலாம் மடிப்பு வீசம், பதினாறில் ஒன்று. வீட்டில் தாத்தா பாட்டி யாருக்காவது அரைக்கால், வீசம் தெரியுமா என்று கேட்டு வரச் சொல்லுங்கள்.

மற்றப் பாடங்களுக்கு வருகிறேன். எல்லாவற்றுக்கும் செயல்பாடு தேட வேண்டாம். இரவெல்லாம் உட்கார்ந்து தெர்மாகோலில் செய்து சுவரில் மாட்டுவதில் கற்றுக்கொள்வது நாம்தான், பிள்ளை இல்லை. எதைச் செய்தாலும் செய்வதற்கு முன் ‘என்ன ஆகும் என்று நினைக்கிறாய்?’ என்று கேட்டு அதை எழுதி வைக்கச் சொல்லுங்கள். ஊறவைத்த பச்சைப் பயறை ஈரத்துணியில் ஒன்று, காய்ந்த துணியில் ஒன்று, மூடிய டப்பாவுக்குள் ஈரத்தோடு ஒன்று என்று வைக்கலாம். வெளிச்சம் இல்லாமல் முளைக்காது என்று பாதிப் பேர் எழுதுவார்கள். இரண்டு நாளில் டப்பாவைத் திறக்கும்போது வகுப்பே எட்டிப் பார்க்கும். முன்கூட்டி எழுதியிருந்தால்தான் அந்த ஆவல் வரும்.

எனக்கு மிகவும் பிடித்தது நிழல். காலை வழிபாடு நடக்கும் இடத்தில் ஒரு மீட்டர் குச்சி ஒன்றை நேராக நட்டு வையுங்கள். காலை பத்து மணி, நண்பகல், மூன்றரை மணிக்கு நிழலின் நுனியில் கல் வைத்து, நீளத்தை அளந்து எழுதட்டும். இது ஒரு நாள் வேலை. ஆனால் வாரம் ஒருமுறை ஆண்டு முழுக்க நண்பகல் நிழலை அளந்தால் வேறொன்று தெரியும். உங்கள் பக்கத்தில் ஜூன், ஜூலையில் நண்பகல் நிழல் தெற்கே விழும். ஆகஸ்ட் 20-ஐ ஒட்டி, பகல் 12.15 வாக்கில் நிழலே இருக்காது. சூரியன் நேர் உச்சியில் நிற்கும். அதற்குப் பிறகு நிழல் வடக்கே விழுந்து, டிசம்பர் வரை நீண்டுகொண்டே போகும். திசை, அளவை, அட்டவணை, அறிவியல் எல்லாம் ஒரு குச்சியில் வந்துவிடுகிறது. அளப்பதற்கு முன் ஒருநாள் சாணும் முழமும் போட்டுப் பாருங்கள். அவரவர் சாண் இரண்டு சேர்ந்தால் கிட்டத்தட்ட அவரவர் முழம். ஆனால் உங்கள் முழமும் மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் முழமும் ஒன்றில்லை. பூக்காரம்மாவிடம் யார் முழத்துக்கு வாங்குவது என்று கேட்டால், சென்டிமீட்டர் எதற்கு என்பது புரிந்துவிடும்.

சமூக அறிவியலில் வரைபடம் வரும்போது, தீப்பெட்டிகளை வகுப்பறை போலத் தரையில் அடுக்கி, எழுந்து நின்று நேர் மேலிருந்து பார்த்து வரையச் சொல்லுங்கள். தமிழுக்கு நான் இங்கே ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளை தன் கதையைச் சொல்ல நீங்கள் எழுத, அதை அந்தப் பிள்ளையே படித்துக் காட்டுவதைவிட நல்ல செயல்பாடு எனக்குத் தெரியாது.

இனி அறை, சத்தம், பெற்றோர். மூன்று வகுப்பையும் ஒரே நேரத்தில் பொருளோடு உட்கார வைக்காதீர்கள். அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளின் கற்றல் நிலையைப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் உங்களுக்கு உண்டு. அதே மாதிரி ஒரு குழு உங்களோடு குச்சியில், ஒரு குழு நோட்டில் பயிற்சியில், ஒரு குழு சுவரில் இருக்கும் கீழ்மட்டக் கரும்பலகையில். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாறட்டும். எட்டுப் பேர் பேசும் சத்தம் பக்கத்து அறைக்குத் தொல்லையாக இருக்காது. செயல்வழிக் கற்றல் 2003-இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கி, சில ஆண்டுகளில் மாநிலம் முழுக்க வந்தது. அப்போது நானும், பாடத்தைப் படிப்படியாக வரிசைப்படுத்திய ஏணிப்படியும் ஒவ்வொரு படிக்கும் உரிய செயல்பாட்டு அட்டையுமாக வகுப்பு நடத்தினேன். ஒரு பிள்ளை எத்தனை அட்டை முடித்திருக்கிறது என்று குறித்துவைக்கும் அவசரத்தில், ‘இதை எப்படிச் செய்தாய், சொல்’ என்று கேட்பதைக் குறைத்துவிட்டேன். அந்தக் கேள்வி இல்லாத வகுப்பில் பிள்ளைகள் அட்டையை முடித்தார்கள், கணக்கு வரவில்லை. நேரம் குறைவு என்றால் ஒரு கணக்கைக் குறையுங்கள், அந்தக் கேள்வியைக் குறைக்காதீர்கள்.

பெற்றோர் கேட்பது நியாயம்தான். நோட்டைத் தவிர வேறு எதில் அவர்கள் பார்ப்பார்கள்? ஒவ்வொரு செயல்பாட்டின் கடைசிப் பத்து நிமிடமும் நோட்டுக்கு என்று வைத்துவிடுங்கள். தேதி, செய்ததின் படம், அதன் கீழே எண்ணில் அந்தக் கணக்கு. கோடும் புள்ளியுமாக இருக்கும் அந்தப் பக்கமே பிள்ளைக்கும் பாலம், பெற்றோருக்கும் பதில். அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் அம்மாக்களைப் பாயில் உட்கார வைத்து, குச்சியைக் கொடுத்து 52-லிருந்து 27-ஐ எடுக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் அவரவர் பிள்ளை உட்கார்ந்து நோட்டில் எழுதட்டும்.

திங்கள்கிழமை அந்தப் பையனிடமிருந்து தொடங்குங்கள். நோட்டுக்காரனாக அவனையே வையுங்கள், குச்சியை வேறொரு பிள்ளை பிடிக்கட்டும். இரண்டு வாரம் கழித்து, குச்சி இல்லாமல் 302-லிருந்து 146-ஐக் கழிக்கச் சொல்லுங்கள். பத்தின் இடத்தில் ஒன்றுமே இல்லை. நூறுக் கட்டைப் பிரித்துப் பத்துக் கட்டாக்கி, அதில் ஒன்றைப் பிரித்து உதிரியாக்க வேண்டும். 156 வந்தாலும் வராவிட்டாலும், அவன் அடித்து எழுதிய அந்தப் பக்கத்தை அப்படியே எனக்கு அனுப்புங்கள்.